கரடும் பொத்தையும்: அன்றும் இன்றும்

தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் சிறு குன்றைக் கரடு என்பார்கள். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் போனால் அதுவே பொத்தை. புதுக்கோட்டைக்காரருக்கு எல்லாம் மலைதான். நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என்று பெயரை மட்டும் கேட்டுவிட்டு வரும் வெளியூர்க்காரர், அரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடக்கூடிய பாறையைப் பார்த்து, இதுவா மலை என்று கேட்பதுண்டு. ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்பது நாமக்கல்லிலும் திண்டுக்கல்லிலும் 'கல்' ஆயிற்று. திருச்செங்கோட்டில் 'கோடு' ஆயிற்று. கள்ளக்குறிச்சிப் பக்கம் உச்சியில் கோட்டை ஏறியதால் தியாகதுருகம் என்று 'துருகம்' வந்து ஒட்டிக்கொண்டது. கடல் தாண்டி மட்டக்களப்பில் ஒரு குன்றுக்குக் குடும்பிமலை என்று பெயர். குடும்பி என்றால் அங்கே குடுமி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் குன்று என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இருந்தாலும் கடலோரத்தில் ஒரு கீரிமலை பெயரளவில் இருக்கிறது. தஞ்சைக் கழனியில் பிறந்தவருக்கோ இந்தச் சொற்கள் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. திடலும் மேடும் அவருக்குப் போதும்.

பொத்தை கொச்சைச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. பொற்றை என்ற பழஞ்சொல்தான், காற்று காத்து ஆனதுபோல், பொத்தை ஆகியிருக்கிறது. அதற்கு உறவான 'பொறை' இன்னும் பழையது. அகப்பொருள் இலக்கணம் முல்லை நிலத்துத் தலைவனைக் குறும்பொறை நாடன் என்கிறது. வானளாவிய மலைகள் குறிஞ்சிக்குப் போய்விட, ஆடுமாடு மேயும் முல்லைக்குக் கிடைத்தவை சிறு குன்றுகள். அந்தப் பங்கீடு சரியானது என்பது கரட்டடியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பெருமலை தேனும் தினையும் தரும். கரடு தருவது ஆட்டுக்கு மேய்ச்சல், ஊருக்குக் கல், கண்மாய்க்குத் தண்ணீர்.

இவை எங்கிருந்தோ வந்து முளைத்தவை அல்ல. சுற்றிலும் இருந்த மென்மையான பாறையும் மண்ணும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோக, கரையாமல் நின்ற கடினப்பாறைகளே இவற்றில் பெரும்பாலானவை. கரைந்துபோகாததுதான் அவற்றின் பெருமை. கரையாத கல் என்பதால்தான் நம் காலத்தில் அவற்றுக்கு விலையும் ஏறியது.

அன்று ஒரு கரட்டுக்கு உள்ளேயே பல இடப்பெயர்கள் இருந்தன. ஆடு மேய்ப்பவர் 'கரட்டில் நிற்கிறது' என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. வழுக்குப்பாறையில் நிற்கிறதா, குண்டாங்கல் பக்கமா, பொடவுக்குள் புகுந்துவிட்டதா என்று கேட்பார்கள். பொடவு என்பது ஆளோ ஆடோ மழைக்கு ஒதுங்கக்கூடிய பாறை இடுக்கு. பாறைக்குழியில் கோடையிலும் தண்ணீர் நின்றால் சுனை. சரிவு குறைந்த அகலப் பாறை ஊருக்குக் களம்: கம்பும் கேழ்வரகும் எள்ளும் அங்கேதான் காயும், மண் ஒட்டாது, சாணி மெழுக வேண்டாம். கார்த்திகைக்கு உச்சியில் விளக்கு. கீழே ஒரு கருப்பசாமி. மழை வலுத்தால் பாறை முழுவதும் வெள்ளி வெள்ளியாகத் தண்ணீர் வழிந்து அடிவாரத்து ஓடையில் சேர்ந்து கண்மாய்க்குப் போகும். பாறை தண்ணீரைக் குடிக்காது என்பதால், மண்நிலம் நனைந்து முடிப்பதற்குள் கரட்டுத் தண்ணீர் கண்மாய்க்கு வந்துவிடும். கரடு இருக்கும் ஊர்களில் கண்மாய்கள் அதன் காலடியில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

கல் எடுக்காமல் இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அம்மி, ஆட்டுக்கல், உரல், நிலைப்படி, கிணற்றடித் துவைகல், கோயில் தூண் எல்லாம் அங்கிருந்து வந்தவையே. புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளில் குனிந்து பார்த்தால் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் தெரியும், நேர்கோட்டில், தையல் போட்டதுபோல. உளியால் அந்தப் பள்ளங்களை வெட்டி, காய்ந்த மர ஆப்பை இறுக்கி அடித்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மரம் ஊறிப் பெருக்க, பாறை அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். பின்னாளில் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வந்தன. பலகைக்கல் வேண்டுமென்றால் பாறையின் மேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல்தோல் தளர்ந்து ஏடாகப் பிரியும். சில வரிசைகளில் பள்ளம் வெட்டியிருக்கிறது, பாறை பிளக்கவில்லை. பிளக்க வந்தவர் ஏன் பாதியில் விட்டுப் போனாரோ, கோடு மட்டும் இன்னும் இருக்கிறது.

கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்துக் கல்வேலையின் உச்சம் தெரியும். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் குன்றை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, தேவையற்ற கல்லை நீக்கி, விமானத்தை மட்டும் உள்ளே நிற்க விட்டார்கள். வேலை முடியவில்லை, அடிப்பகுதி வெறும் பாறையாகவே இருக்கிறது. இன்றும் குன்றை மேலிருந்து கீழாகத்தான் வெட்டுகிறோம். நிற்க விடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இன்றைய முறை எல்லோரும் அறிந்தது. கம்ப்ரசர் வைத்துக் குழி போட்டு, தோட்டா இறக்கி, மாலையில் சங்கு ஊதி வெடி வைக்கிறார்கள். காலையில் ஹிட்டாச்சி அள்ளிப்போட, டிப்பர் கிரஷருக்குக் கொண்டுபோகிறது. கிரஷர் அதை ஒன்றரை, முக்கால் என்று ஜல்லியாகப் பிரித்து, மிச்சத்தை எம்-சாண்ட், பி-சாண்ட் என்ற செயற்கை மணலாக்கிவிடுகிறது. கிரானைட் என்றால் வைரம் பதித்த கம்பி ரம்பம் பாறையைக் கேக் துண்டுபோல் அறுத்து எடுக்கும். அன்று கல்லுக்கு அளவு வண்டி. இன்று யூனிட், அதாவது 100 கன அடி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடியில் 200 மீட்டர் குறுக்களவும் 30 மீட்டர் உயரமும் உள்ள, கூம்பு வடிவான சிறிய பொத்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறக்குறைய 3,14,000 கன மீட்டர். யூனிட்டில் சொன்னால் சுமார் 1,11,000. உடைத்த கல் பருமனில் கூடும் என்பதை விட்டுவிடுவோம். ஒரு யூனிட்டுக்கு 4 மாட்டுவண்டி, நாளுக்கு 20 வண்டி என்று அள்ளியிருந்தால் அந்தப் பொத்தை தீர 60 ஆண்டுகள் ஆகியிருக்கும். 5 யூனிட் டிப்பர் நாளுக்கு 40 நடை அடித்தால் ஒன்றரை ஆண்டு. தாத்தா காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்தில் முடியக்கூடிய வேலை, பேரன் பள்ளியில் இரண்டு வகுப்பு ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அப்புறம் கீழே தோண்டுகிறார்கள். தென்காசிச் சாலையில் பொத்தை எங்கே போயிற்று என்று கேட்டால், 'ரோட்டுல கெடக்கு' என்று பதில் வரும். அது கேலியும் அல்ல, கவிதையும் அல்ல. அப்படியே உண்மை.

வந்த நன்மையை மறைத்து எழுதுவது நியாயமாகாது. கூரை வீடு தளவீடு ஆனதும், மழையில் துண்டாகிப்போகும் ஊருக்குத் தார்ச்சாலை வந்ததும், ஆற்றில் பாலம் எழுந்ததும் இந்த ஜல்லியால்தான். ஆற்று மணலை அள்ளி ஆறுகளைக் கெடுத்த பிறகு, எம்-சாண்ட் இல்லாவிட்டால் இன்று எந்தக் கட்டுமானமும் நகராது. ஆற்றுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்த அந்த இடைவெளிக்குக் கரடு விலை கொடுத்திருக்கிறது. பழைய கல்வேலையும் இனிப்பானதல்ல. தீயும் புகையும் சிலிக்காத் தூசும் தின்ற நுரையீரல்கள் எத்தனையோ. வெயிலில் உட்கார்ந்து சுத்தியால் ஜல்லி உடைத்த பெண்களுக்குக் கூடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முன்பணம் வாங்கிய குடும்பம் தலைமுறையாகக் குவாரியிலேயே கிடந்த கொத்தடிமைக் காலமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், எழுத்தறிவூட்டும் அறிவொளி இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. சைக்கிள் கற்றுக்கொண்டு, கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு, தாங்கள் உடைத்த கல்லைத் தாங்களே விற்றார்கள். இந்த மாநிலத்துக் கல்குவாரி வரலாற்றில் நான் மகிழ்ச்சியோடு எழுதக்கூடிய பக்கம் அது ஒன்றுதான். இயந்திரத்தின் காலத்தில் அந்த அளவுக் குவாரிக்கே இடம் குறைந்துபோனது.

சென்னைக்காரர்களுக்கு இது தொலைவூர்க் கதை அல்ல. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை என்று நகரத்தின் தென்மேற்கு விளிம்பே குன்றுகளால் ஆனது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும்பணிக்கு அடிக்கோடு இழுத்தது பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைதான். சுமார் 12 கிலோமீட்டரை எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் ஆயின. அங்கிருந்து குன்றுக்குக் குன்று முக்கோணம் போட்டுக்கொண்டே அளவை நகர்ந்தது. குன்றே இல்லாத தஞ்சையில் அவர் கோயில்கள்மேல் ஏற வேண்டியதாயிற்று. 1808இல் அரை டன் எடையுள்ள கருவியைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது மோதிச் சேதமானது. இன்று நில அளவைக்குக் குன்று தேவையில்லை, செயற்கைக்கோள் போதும். அன்று லாம்டன் குறிவைத்துப் பார்த்த பெரும்பாக்கத்தை இன்று தேட வேண்டுமானால் அடுக்குமாடிகளுக்கு இடையில்தான் தேட வேண்டும்.

அதே பல்லாவரத்தில், 1863 மே மாதத்தில், சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அது. கல்லால் கருவி செய்தவனைக் கண்டுபிடித்ததும் கல் எடுத்த குழியில்தான். இந்தக் குன்றுகளின் கரும்பாறைக்கு உலக நிலவியலிலும் ஒரு பெயர் உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அதைச் சார்னோகைட் என்று அழைத்தார். அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அந்த வகைப் பாறைக்கு இன்று அதே பெயர். நம் ஊர்க் கல், போய்ச் சேர்ந்த இடத்து ஆளின் பெயரை வாங்கிக்கொண்டது.

புறநகரின் குவாரிகள் பல மூடப்பட்டு, குழிகளில் மழைநீர் நிரம்பிவிட்டது. 2017 கோடையில் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குழிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். நானும் குடித்திருப்பேன். இழப்பின் குழியிலிருந்து கிடைத்த இந்த லாபத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அத்தகைய குழிகளில் குளிக்கப் போய் இறந்த பிள்ளைகளின் செய்தியும் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. கண்மாய்க்குக் கரை உண்டு, படி உண்டு, ஆழம் எங்கே தொடங்கும் என்று ஊருக்குத் தெரியும். குவாரிக் குழியில் முதல் அடியே ஆழம்தான்.

நெல்லைச் சீமையில், 2022 மே மாதம், அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவு வேலையின்போது மேலிருந்த பாறை சரிந்து 4 தொழிலாளர்கள் இறந்தனர். 300 அடிப் பள்ளம் என்று செய்திகள் கூறின. பொத்தைகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் 300 அடி என்ற எண்ணை முன்பெல்லாம் மேல்நோக்கித்தான் சொல்லியிருப்பார்கள்.

பெருமலைகளுக்குக் காவல் உண்டு. 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் தொடங்கி, காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று மேற்குத் தொடர்ச்சிக்குப் படிப்படியாக வேலி வந்தது. அந்த வேலிக்குள்ளும் குறைகள் உண்டு என்றாலும், ஒரு மலையையே லாரியில் ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் துணிவு வராது. சமவெளியில் சிதறி நிற்கும் கரடுகளில் பல, வனத்துறையின் கைக்குப் போகாமல் வருவாய்த்துறைப் பதிவேட்டில் தங்கிவிட்டன. பயிர் விளையாது, வரி வராது. ஆகவே அந்தப் பதிவேட்டில் அவற்றுக்குக் கிடைத்த சொற்கள் புறம்போக்கு, தரிசு, கல்லாங்குத்து, பாறை. ஊர் வாயில் வழுக்குப்பாறையும் பொடவும் சுனையும் களமும் கருப்பசாமியும் இருந்த இடத்துக்குத் தாளில் ஒற்றைச் சொல். ஏலத்துக்கு வரும்போது அந்த ஒற்றைச் சொல்லைத்தான் அதிகாரி பார்க்கிறார். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று கனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. குடியிருப்புக்கு அளவு உண்டு. மேய்ச்சலுக்கும் சுனைக்கும் எத்தனை மீட்டர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. குன்றுகளைக் கொன்றது வெடியைவிட இந்தச் சொல் வறுமைதான் என்பது என் எண்ணம்.

தாளில் வேறு சொல் ஏறினால் நிலைமை ஓரளவு மாறுகிறது என்பதற்கு மதுரை சாட்சி. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டதைப் பற்றி, 2012இல் ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. அதற்கு முன்பே, 2010இல், யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது, நரசிங்கம் பகுதி மக்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். மலையின் அடியில் 8ஆம் நூற்றாண்டுக் குடைவரையும் மேலே சமணத் தீர்த்தங்கரர்களும் இருந்தது அவர்களுக்குத் துணையாயிற்று. ஆனால் அவர்கள் பேசியது தொல்லியல் அல்ல; அது எங்கள் மலை என்றுதான்.

யானைமலையிலிருந்து அதிகத் தொலைவு இல்லாத அரிட்டாபட்டி, பார்வைக்குச் சாதாரண ஊர். சுற்றிலும் ஏழு குன்றுகள், அவற்றின் நீரை வாங்கும் கண்மாய்கள், சுனைகள், பாண்டியர் குடைவரை, தமிழி எழுத்துப் பொறித்த சமணப் படுக்கை. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. வல்லூறுகள் செங்குத்துப் பாறையில் கூடு வைக்கின்றன. அந்தச் செங்குத்துப் பாறை தரிசு என்றால் தரிசுதான். வல்லூறுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கி 2,015.51 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மரபுத் தலம் என்ற சொல் ஏலத்தைத் தடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்த்துப் பேச ஊருக்கு ஒரு பிடிமானம் கொடுத்தது, அவ்வளவுதான். பல கரடுகளுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. எல்லாக் குன்றிலும் சமணப் படுக்கையோ தமிழி எழுத்தோ இருக்காது. கல்வெட்டு இல்லாத பொத்தைக்கு ஆடும் மழையும்தான் சாட்சி.

உங்கள் ஊரில் ஒரு கரடோ பொத்தையோ இன்னும் நின்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அதன் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இணையத்திலும் பார்க்கலாம். தரிசு என்றோ கல்லாங்குத்து என்றோ இருந்தால், அங்கே சுனை உண்டா, எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது, யாருடைய ஆடு மேய்கிறது என்பதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுதி வையுங்கள். ஏல அறிவிப்பு வந்த பிறகு எழுத நாள் போதாது.